ஒசாகாவில் மூன்றாம் நாள்

அத்தியாயம் 9

ஐந்து நாள் ஊர் சுற்றிப் பார்க்க ஐந்து மாதம் அலைய வேண்டியிருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், ரேணுகா அந்த ஒசாகாவுக்கு ஆவடியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள்.

யாரும் சொல்லவில்லை. "அண்ணி, நீங்களும் அம்மாவும் வாங்க. அஞ்சே நாள். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று வீடியோவில் வந்து ஆசை காட்டியவள் நாத்தனார் சௌம்யா. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது வழக்கம்போல ரேணுகாதான். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நடை, போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று நடை, மாமியாருக்கு வெள்ளைத் திரை முன்னால் போட்டோ. காமிராவைக் கண்டால் பார்வதத்துக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ரேணுகாவின் கணவன் மோகன், ஏழு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஃபேக்டரியில் வேலை நேரத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் அந்த வேலை வீட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் என்றார்கள். தம்பி கோகுல்நாத் தனக்குத்தான் என்று நினைத்திருந்தான். அம்மா பார்வதம் மருமகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாமியாரையும் நாத்தனாரையும் காப்பாற்றுவேன் என்று ரேணுகாவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை அவள் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினாள். அவள் சம்பளத்தில்தான் சௌம்யா இன்ஜினீயரிங் முடித்தாள், ஜப்பான் மொழி படித்தாள், ஒசாகாவுக்குப் போனாள். கோகுல் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறான். வாய் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது.

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, ஃபேக்டரியின் அனுமதிக் கடிதம் மூன்றாவது மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்கள் சொந்தச் செலவில் சுற்றுலா போவதென்றாலும் ஆபீஸ் அனுமதி இல்லாமல் நாட்டைத் தாண்ட முடியாது. திங்கட்கிழமை விசா விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்கியிருந்தது. இன்று வெள்ளி.

விடிகாலை நாலே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. குடம், டிரம், பக்கெட் எல்லாம் நிரப்பி, இட்லி ஊற்றி, மத்தியானத்துக்குக் குழம்பு வைத்து, மாமியாரின் சர்க்கரை மாத்திரையை டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏழரைக்கு ஃபேக்டரி கேட்டுக்கு வந்து நின்றாள் ரேணுகா. செல்போனை கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குள் ஒரு போன் பாக்கி இருந்தது.

"சாமி, நான் மோகன் வீட்டுல இருந்து ரேணுகா பேசறேன். அடுத்த வாரம் அவருக்கு திதி. எப்பவும் போல தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி. வியாழனா, வெள்ளியா?"

திருமுல்லைவாயில் ஐயர் பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இரும்மா. இந்த வருஷம் அப்படி வராது. ஐப்பசி பொறந்த கையோட தீபாவளி வந்துடறது. நீ சொல்ற தசமி புரட்டாசியிலேயே போயிடும். அது உங்களுக்கு ஆகாது. ஐப்பசி தேய்பிறை தசமிதானே மோகனுக்கு? அது நவம்பர் பதினாலு. வெள்ளிக்கிழமை. நான் எழுதிக்கறேன், தம்பிக்கும் சாயந்திரம் சொல்லிடறேன்."

ரேணுகா சரி சாமி என்றாள். வேறு என்ன சொல்வது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால். அவள் மனசில் அப்படித்தான் பதிந்திருந்தது. ஆறு வருஷமும் அப்படியேதான் வந்தது. திதி முடிந்துவிடும், தீபாவளியும் போய்விடும், அப்புறம் கிளம்பலாம் என்று அவளே யோசித்து, அவளே சௌம்யாவிடம் சொல்லி முடிவு செய்த தேதி. நவம்பர் பதினொன்றாம் தேதி ராத்திரி விமானம். பன்னிரண்டு முதல் பதினாறு வரை ஒசாகா. பதினாலு என்றால் மூன்றாம் நாள்.

போனைக் கொடுத்து டோக்கனை வாங்கியபோது ஒன்று உறைத்தது. தேதியைக் கேட்டதும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது மோகன் இல்லை. டிக்கெட். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்டோர்ஸில் அன்றைக்குப் பார்த்து கூட்டம். போல்ட், வாஷர், கையுறை என்று வரிசையாக வந்து நின்றார்கள். சீட்டைப் பார்ப்பது, ரேக்கிலிருந்து எடுப்பது, கையெழுத்து வாங்குவது. ஏழு வருஷமாகியும் புதிதாக வருகிறவனிடம் பழையவன், "மோகன் வொய்ஃப்கிட்ட வாங்கிக்கோ" என்றுதான் சொல்கிறான். மத்தியானம் தட்டில் இருந்த சோறு இறங்கவில்லை. கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

உண்மையைச் சொல்வதானால், ஒசாகாவில் என்ன இருக்கிறது என்று ரேணுகாவுக்கு அவ்வளவாக அக்கறை கிடையாது. கோட்டை இருக்கிறதாம். இருக்கட்டும். அவள் ஆசைப்பட்டது காலையில் தண்ணீர் வருகிறதா என்று காது கொடுக்காமல் தூங்குவதற்கு. ஐந்து நாள், யாரோ ஒருத்தர் போட்டுத் தருகிற காபியைக் குடிப்பதற்கு. இதை வெளியே சொன்னால் இதற்கா ஜப்பான் வரைக்கும் என்று சிரிப்பார்கள். ஆவடியில் இருக்கிறவரை அது நடக்காது என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். கிளார்க் ஜேம்ஸ் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாம்மா. ஒருவழியா சைன் ஆயிடுச்சு. பதினொண்ணுல இருந்து பதினேழு வரைக்கும் லீவு. ஜாலியா போயிட்டு வா."

"சார், ஒருவேளை தேதிய ஒரு வாரம் தள்ளிப் போடணும்னா?"

ஜேம்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தக் கிழிச்சிப் போட்டுட்டு புதுசா எழுதிக் குடுக்கணும். மறுபடியும் உன் செக்‌ஷன், செக்யூரிட்டி, மேல, கீழ எல்லாம் சுத்தி வரணும். தை பொறந்துடும். ஏன், எதுனா பிரச்சனையா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சா இது" என்றார் ஜேம்ஸ். ஆனால் அதற்கு மேல் தோண்டவில்லை. நல்ல மனுஷர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரேணுகா இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். சொன்னால் அத்தை பயணத்தையே நிறுத்திவிடுவாள். பிள்ளையின் திதியன்று ஊர் சுற்றப் போகிற தாய் உண்டா. இந்த வருஷம் நின்றால் அடுத்த வருஷம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சௌம்யாவுக்குக் கல்யாணம் பேசுவார்கள், அத்தைக்கு முட்டி வலி அதிகமாகும், வேறு ஏதாவது வரும். சொல்லாமல் விட்டால் ஐயர் எப்படியும் கோகுலிடம் சொல்வார். கோகுல் ஊருக்கே சொல்வான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அலுப்பாக இருந்தது. முடிவு எடுக்கிற வேலையை யாராவது ஒரே ஒரு நாள் வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசியில் பார்வதம் நடந்துகொண்டிருந்தாள். நூல் புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ. அறுபத்து நாலு வயசில் வாங்கிய முதல் ஷூ. ஒசாகாவில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டியிருக்கும் என்று மகள் சொல்லிவைத்ததிலிருந்து, தினம் சாயந்திரம் வரிசையைப் பத்துச் சுற்று சுற்றுகிறாள். எதிர்வீட்டு கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து எண்ணிச் சொல்வாள்.

"எட்டு முடிஞ்சிச்சு. இன்னும் ரெண்டு கீது" என்றாள் கன்னியம்மா. "ரேணு, உங்க மாமியாரு இன்னிக்கு என்னாண்ட நின்னு ஒரு வார்த்த பேசல. ஜப்பான்காரி ஆயிட்டாங்க."

"நின்னா முட்டி புடிச்சிக்குது, இன்னா பண்ண சொல்ற" என்று நடந்தபடியே சொன்னாள் பார்வதம். மருமகளைப் பார்த்ததும், "லெட்டர் வந்திச்சா?"

"வந்துடுச்சு அத்தை."

பார்வதம் அங்கேயே நின்றாள். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். மீதி இரண்டு சுற்றை அவள் நடந்த வேகத்தைப் பார்த்து கன்னியம்மா எண்ண மறந்துவிட்டாள். இவளிடம் போய் எப்படிச் சொல்வது. மூன்று வருஷத்தில் சௌம்யா ஒரே ஒரு தடவை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்தப் பத்து நாளைத்தான் பார்வதம் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆறரைக்கு சௌம்யா வீடியோவில் வந்தாள். அங்கே மணி பத்து. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, எதிரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேணுகா செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தாள். பார்வதம் ஷூவைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை குடுக்க ஒரு ஃபாரம் பாக்கி அண்ணி. ஒவ்வொரு நாளும் எங்க போவீங்க, ராத்திரி எங்க தங்குவீங்கன்னு தேதி போட்டு எழுதணும். வெறும் சுத்திப் பாக்கன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. இப்ப முடிச்சு அனுப்பிடறேன். பன்னெண்டு, வந்து சேர்றீங்க. அன்னிக்கு ரெஸ்ட். பதிமூணு, கோட்டை."

"கோட்டைன்னா படி எத்தினி கீது?" என்றாள் பார்வதம்.

"லிஃப்ட் இருக்கும்மா."

"கோட்டையில லிஃப்டா. அப்ப அது இன்னா கோட்டை?"

சௌம்யா சிரித்தாள். ரேணுகாவும் சிரித்திருக்க வேண்டும். காலையிலிருந்து முகம் இறுகிப் போயிருந்தது.

"பதினஞ்சு, நாராவுக்குப் போலாம். ரயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. மான் எல்லாம் ரோட்லயே திரியும். பதினாறு கிளம்பறது. நடுவுல பதினாலு மட்டும் காலியா இருக்கு. பெரிய மீன் காட்சிசாலை ஒண்ணு இருக்கு, இல்லாட்டி கப்பல்ல ஒரு ரவுண்டு. அண்ணி, நீங்க ஒண்ணும் கேக்கவே மாட்டேங்கறீங்க. அந்த நாள் உங்க நாள். எங்க போலாம், சொல்லுங்க."

ரேணுகா வாயைத் திறந்தாள். மீன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டு எழுத்து. நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"அன்னிக்கு ஒண்ணும் எழுதாத" என்றாள் பார்வதம்.

"ஏம்மா?"

"அன்னிக்கு உங்க அண்ணனுக்கு திதி."

செல்போனுக்குள் சௌம்யா, "அது தீபாவளிக்கு முன்னாடி இல்ல?" என்றாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அத்தை?" என்றாள் ரேணுகா.

"டிக்கெட்டு போட்ட அன்னிக்கே தெரியும். காலண்டர்ல பாத்தேன். எனக்குத் தெரியாத தசமியா?" பார்வதம் மருமகளைப் பார்க்காமல் ஷூவின் கயிற்றைப் பார்த்தாள். "உனக்கு?"

"இன்னிக்குக் காலைல. ஐயர் சொன்னாரு."

"காலைல இருந்து சொல்லல நீ."

"சொல்லல."

"நான் வாயத் தொறக்கலைன்னா சொல்லியிருப்பியா?"

பொய் சொல்ல ரேணுகாவுக்குத் தெம்பு இல்லை. "இல்ல அத்தை. சொல்லியிருக்க மாட்டேன்."

பார்வதம் தலையாட்டினாள். கோபம் இல்லை அதில். "நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பொண்ணப் பாக்கணும்னு இருந்திச்சு. ஒரு வருஷம் தம்பிகாரன் அவன் ஊட்ல வெச்சி குடுக்கட்டும், போன புள்ள கோச்சிக்க மாட்டான்னு மனசத் தேத்திக்கினேன். ஆனா அந்த நாளுக்கு மீனப் பாக்கப் போறோம்னு எழுதறத என்னால பாத்துகினு இருக்க முடியல."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூடி வைத்திருந்த ஒரே விஷயம் இப்போது நடு ஹாலில் கிடந்தது. ரேணுகாவுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

அந்த நேரம் பார்த்துத்தான் பார்வதத்தின் பழைய செல்போன் அடித்தது. கோகுல்நாத். பார்வதம் எடுக்கத் தயங்கினாள். ரேணுகா எடுத்தாள். காது மந்தம் என்பதால் பார்வதத்தின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"அம்மா, ஐயரு போன் பண்ணாரு. நவம்பர் பதினாலாம். நீங்க அன்னிக்கு ஜப்பான்லதான இருப்பீங்க? இன்னா நடக்குது அங்க?"

"நான் ரேணுகா பேசறேன் தம்பி. ஆமா, பதினாலுதான். நாள் பாக்காம தேதி போட்டது என் தப்பு. மாத்தணும்னா ஆபீஸ்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், நடக்காது. இந்த ஒரு வருஷம் நீங்க உங்க வீட்டுல பண்ணிடுங்க. சமைக்க வேண்டியதெல்லாம் நான் முன்னாடியே வாங்கிக் குடுத்துடறேன்."

"அண்ணன் இருந்த ஊட்ல படைக்காம என் ஊட்லயா? அண்ணி, தெரிஞ்சிகினுதான் பேசறீங்களா? கேன்சல் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன் தம்பி."

இவ்வளவு சுலபமாக அது வாயிலிருந்து வரும் என்று ரேணுகாவே நினைக்கவில்லை. குரல் கூட உயரவில்லை.

கோகுல் நிதானமாகக் கேட்டான்.

"அண்ணன் வேலைய எடுத்துக்கினீங்க. அண்ணன் திதி மட்டும் என்னுதா?"

ஏழு வருஷமாக அவன் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. சொல்லிவிட்டான். ரேணுகா சுவரில் சாய்ந்துகொண்டாள். மோகனின் நாற்காலி, மோகனின் டோக்கன் நம்பர், மோகனின் அம்மா, மோகனின் தங்கை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள்தான் அவள். அதை மறுக்க முடியாது.

"எடுத்துக்கிட்டேன்" என்றாள். "அதனாலதான் தம்பி ரொம்ப அசதியா இருக்கு. நான் அஞ்சு நாள் போயிட்டு வரேன்."

"நாளைக்குக் காலைல நேர்ல வரேன். பேசிக்கலாம்" என்று கோகுல் வைத்துவிட்டான்.

சர்க்கரை டப்பாமேல் இருந்த போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அண்ணி, நான் லைன்லதான் இருக்கேன். எல்லாம் கேட்டுது."

"கேட்டுச்சுல்ல. அப்ப எழுதிக்கோ சௌமி. ரெண்டு பேர் வர்றோம். பதினாலாம் தேதி, உன் வீட்டுலயே இருக்கோம்னு போடு."

"ஒருத்தர்னு போடு" என்றாள் பார்வதம்.

அவள் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது, விரல் ஒத்துழைக்கவில்லை. குனிந்தபடியே பேசினாள்.

"நான் வரல. அவன் நாளைக்கு வந்து உன்ன ஒரு வார்த்த பேசிட்டா, நீ அங்க போயும் தூங்க மாட்ட. நான் இங்க கீறேன். நானே சமைக்கறேன், இந்த ஊட்லயே படைக்கட்டும். பெத்தவ இருக்கும்போது யாரும் உன்ன கேக்க முடியாது. நீ போ."

போனுக்குள் சௌம்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கண்ணின் ஓரம் மட்டும் தெரிந்தது.

வேண்டாம் அத்தை, நீங்க இல்லாம நான் போக மாட்டேன் என்று ரேணுகா சொல்ல வேண்டிய இடம் அது. எந்த மருமகளும் சொல்வாள். எதிரே இரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். மாமியாரின் காலை மடியில் எடுத்து வைத்து, இறுகிய முடிச்சை நகத்தால் தளர்த்தி, ஷூவைக் கழற்றினாள். அந்த வார்த்தையை மட்டும் அவள் சொல்லவில்லை.